போய்விட்டதாக நினைத்த காய்ச்சல்: ஸ்க்ரப் டைபஸ் மறைந்த கதையும் திரும்பி வந்த கதையும்

1/


மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில், ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் எங்க வன்னியம்பட்டி வட்டாரத்துல காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க கூடுவாங்க.

வர்றவங்க கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர், டெங்குவா?"
ரெண்டாவது கேள்வி, "தட்டணு எவ்வளவு இருக்கு?"

பெரும்பாலும் யாரும் கேட்காத ஒரு பேர் உண்டு: ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவார்கள்.

இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது, எப்படி மறைந்தது, ஏன் திரும்பி வந்தது என்று இன்று பார்ப்போம். கொஞ்சம் நீளம்தான். நேரம் கிடைக்கும்போது முழுசா படிங்க. கடைசியில் உங்க வீட்டுக்குத் தேவையான விஷயம் இருக்கு.

2/
1980ல் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கையில் தடுப்பூசி இருக்கு, ஆண்டிபயாடிக் இருக்கு. தொற்றுநோய்க் காலம் முடியப்போகுது, இனிமே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மாரடைப்பும்தான் நம்ம வேலைன்னு மருத்துவ உலகில் பலர் நம்பினார்கள்.

அப்புறம் நடந்ததை நம்ம தமிழ்நாட்டை வைத்தே சொல்லலாம்.

1986: இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும்.

1992: காலராவில் அதுவரை உலகம் பார்க்காத ஓ139 என்ற புது வகை சென்னையில் தலைகாட்டி, மதுரை, வேலூர், கல்கத்தா, வங்கதேசம் என்று போனது.

2006: அறுபதுகளில் சென்னையைப் படுக்கப் போட்ட சிக்குன்குனியா, முப்பது வருஷத்துக்கும் மேல் காணாமல் இருந்துவிட்டுத் திரும்பியது.

ஆக, சில நோய்கள் புதிதாக முளைக்கின்றன. சில நோய்கள் போய்விட்டுத் திரும்பி வருகின்றன. ஸ்க்ரப் டைபஸ் இந்த ரெண்டாவது ரகம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அது நிஜமாவே எங்கேயாவது போச்சாங்கறதுதான் கேள்வி.

3/
முதல்ல நோயைத் தெரிஞ்சுக்குவோம்.

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ஒரு வகை பாக்டீரியா. ஆனால் நம் உடல் செல்களுக்கு உள்ளே புகுந்துகொண்டுதான் வாழும்.

இதைப் பரப்புவது கொசு இல்லை. ஈயும் இல்லை. 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொன்னாலும் ஆடு, மாடு, நாய் மேல் ஒட்டியிருக்கும் உண்ணியும் இல்லை. ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டாம். நாய் உண்ணி பரப்பும் காய்ச்சல் இதற்குச் சித்தப்பா மகன் மாதிரி, வேறு நோய்.

இதைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருக்கும் ஒரு சிலந்திப்பேன் வகை. அதிலும் வளர்ந்த பூச்சி மனுஷனைக் கடிக்காது. முட்டையிலிருந்து வெளிவந்த ஆறுகால் குஞ்சு மட்டும்தான் கடிக்கும்.

4/
முதல் மழைக்குச் செக்கச்செவேல்னு வெல்வெட் துணி மாதிரி தரையில் ஊர்ந்து வரும் பட்டுப்பூச்சியைச் சின்ன வயசுல தீப்பெட்டிக்குள்ள பிடிச்சு வச்சு விளையாடியிருப்பீங்க. அது ஒண்ணும் செய்யாத சாது. இந்தச் சிலந்திப்பேன் அதுக்குத் தூரத்துச் சொந்தம்.

குஞ்சு புல் நுனியிலும் சருகிலும் காத்திருக்கும். எலி, மூஞ்சூறு, அணில் போனால் ஏறிக்கொள்ளும். அந்த இடத்தில் மனுஷன் உட்கார்ந்தால் அவன் மேலும் ஏறும். ரத்தம் குடிக்காது. தோலைக் கரைத்து அந்தச் சாற்றை இரண்டு மூன்று நாள் உறிஞ்சிவிட்டு விழுந்துவிடும். வலிக்காது.

முக்கியமான விஷயம்: கிருமியுள்ள தாய்ப்பூச்சியின் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கிருமி போகும். அதனால ஊரில் ஒரு நோயாளிகூட இல்லாத வருஷங்களிலும் கிருமி மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருக்கும்.

இதை மனசுல வச்சுக்குங்க. கதைக்குத் தேவைப்படும்.

5/
கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். நல்ல காய்ச்சல், மண்டையிடி, மேல் வலி.

கடித்த இடத்தில் பலருக்குச் சின்னதாக ஒரு கருப்புப் பொருக்குப் புண் இருக்கும். சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கருப்பு, சுற்றிச் சிவப்பு. வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. கக்கம், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடுப்பு, காதுக்குப் பின்னால் என்று மறைவான இடங்களில்தான் இருக்கும்.

நோயாளிக்கே தெரியாது. ஆடையை விலக்கித் தேடினால்தான் டாக்டருக்கும் தெரியும்.

சரியான மருந்து சரியான நேரத்தில் போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். போகாவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று பரவும். மருந்தே இல்லாமல் விட்டால் சராசரியாக நூற்றில் ஆறு பேர் இறக்கிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சில இடங்களில் இதைவிடப் பல மடங்கு.

6/
இனி வரலாறு.

4ஆம் நூற்றாண்டில் கோ ஹோங் என்ற சீன மருத்துவர், மணலில் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சியால் வரும் காய்ச்சலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அதாவது 1,700 வருஷத்துக்கு முன்னாலேயே பூச்சியையும் காய்ச்சலையும் ஒருத்தர் முடிச்சுப் போட்டுவிட்டார்.

ஜப்பானில் நீகாத்தா, அகிதா, யாமகாத்தா பகுதி விவசாயிகளுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, கரையோர நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வரும், பலர் சாவார்கள். 'சுட்சுகாமுஷி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு 'நோய் தரும் பூச்சி' என்று அர்த்தம் சொல்லலாம். கிருமியின் பெயரில் இன்றும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பூச்சிக்கே கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கு இல்லையா? அதே மாதிரிதான். மருந்து இல்லாத இடத்தில் மனுஷனுக்கு வேற என்ன வழி இருக்கு?

7/
அடுத்த அத்தியாயம் மலாயா. நம்ம ஆட்கள் கப்பலேறிப் போன மண்.

1916ல் வைல், ஃபீலிக்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்தார்கள். டைபஸ் நோயாளியின் ரத்தச் சீரத்தை, டைபஸுக்குச் சம்பந்தமே இல்லாத புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவோடு கலந்தால் அது திரண்டுகொள்கிறது. கிருமியைப் பார்க்க வழியில்லாத அந்தக் காலத்தில் இதையே பரிசோதனையாக வைத்துக்கொண்டார்கள். அதுதான் வைல் ஃபீலிக்ஸ் டெஸ்ட்.

1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ஃபிளெட்சரும் லெஸ்லரும் இந்த டெஸ்டைச் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த புரோட்டியஸ் வகை ஒன்றும் இருந்தது. வழக்கமான வகைதான் என்று நினைத்துத்தான் கொண்டுவந்தது.

ஆனால் அது வழக்கமான வகை இல்லை.

8/
நகரத்து டைபஸ் நோயாளிகளின் ரத்தம் பழைய வகையோடு திரண்டது. தோட்டக்காட்டிலிருந்து வந்த நோயாளிகளின் ரத்தமோ கிங்ஸ்பரி கொண்டுவந்த வகையோடு மட்டும் திரண்டது.

ஒரே நோய் என்று நினைத்திருந்தது இரண்டு நோய். ஒன்று நகரத்து நோய், இன்னொன்று புதர்க்காட்டு நோய். ஸ்க்ரப் என்றால் புதர். அந்தப் பாக்டீரியா வகைக்குக் கிங்ஸ்பரி பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து 'ஓஎக்ஸ் கே' என்று பெயர் வைத்தார்கள்.

நம்ம ஊர் லேப் ரிப்போர்ட்டில் இன்றும் சில இடங்களில் இந்த 'ஓஎக்ஸ் கே' வரும். அதில் இருக்கும் 'கே' இவர்தான்.

இந்தப் புதர்க்காட்டு டைபஸ் அதிகம் தென்பட்ட இடங்களில் ஒன்று செம்பனைத் தோட்டங்கள். காட்டை அழித்து, லாலாங் புல் மண்டி, எலி பெருகிய இடங்கள். மலாயாத் தோட்டங்களில் கூலி வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களில் 'காட்டுக் காய்ச்சலில் போயிட்டார்' என்று ஊருக்குச் சேதி வந்தவர்கள் எல்லாரும் மலேரியாவில்தான் போனார்களா என்று எனக்கு எப்பவும் ஒரு யோசனை உண்டு.

9/
இரண்டாம் உலகப் போர் வந்தது. அசாம் - பர்மா எல்லையில் ஜப்பானை எதிர்த்து நின்ற 14ஆவது படையில் பெரும்பான்மையினர் இந்திய வீரர்கள்.

மலேரியாவுக்கு மாத்திரை இருந்தது. ஸ்க்ரப் டைபஸுக்கு எதுவுமே இல்லை. குண்டுக்குத் தப்பியவன் புல்லில் படுத்து எழுந்து பத்தாவது நாள் காய்ச்சலில் விழுந்தான். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நர்சிங் செய்வது தவிர டாக்டர்களால் ஒன்றும் முடியவில்லை.

இம்பாலில் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சிக் குழு இறங்கியது. அதில் இருந்த ஆடி என்ற விஞ்ஞானி ஒரு அருமையான விஷயத்தைக் கவனித்தார்.

நோய் அடர்ந்த காட்டில் அதிகம் இல்லை. மனுஷன் காட்டை வெட்டி, கொஞ்ச நாள் விவசாயம் செய்து, பிறகு கைவிட்டுப் புதர் மண்டிப்போன இடங்களில்தான் அதிகம். அதுவும் திட்டுத்திட்டாக. ஒரு திட்டில் பூச்சி மொய்க்கும். சில அடி தள்ளி ஒன்றுமே இருக்காது. அதைப் 'பூச்சித் தீவுகள்' என்றார்.

10/
இதைப் படித்தபோது எனக்கு இந்த மலையடிவாரம்தான் நினைவுக்கு வந்தது.

தண்ணி இல்லாமல் தரிசு போட்ட நிலம். பிளாட் போட்டு வித்து, வீடு கட்டாமல் சீமைக்கருவேலம் மண்டிய மனைகள். கண்மாய்க் கரை. தோப்பு வேலி ஓரம். ஆடி சொன்ன அத்தனை இடமும் நம்ம ஊரில் இருக்கு.

அந்த இடங்களுக்குப் போவது யார்? ஆடு மேய்ப்பவர், புல் அறுக்கும் பெண்கள், விறகு பொறுக்குபவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், ஒதுங்க இடம் இல்லாமல் காட்டுப் பக்கம் போகிறவர்கள், பந்தைத் தேடிப் புதருக்குள் நுழையும் பிள்ளைகள்.

11/
போருக்குத் திரும்புவோம். வீரர்களின் உடுப்பில் பூச்சி விரட்டி மருந்தைத் தேய்த்தார்கள். ஓரளவு பலன் கிடைத்தது. இங்கிலாந்தில் எலிகளின் நுரையீரலில் கிருமியை வளர்த்து அவசர அவசரமாகத் தடுப்பூசிகூடத் தயாரித்தார்கள். அது உருப்படியான பாதுகாப்பைத் தரவில்லை.

கிருமியில் பல உள்வகைகள் உண்டு. ஒரு வகைக்கு வந்த எதிர்ப்புச் சக்தி இன்னொரு வகையைச் சரியாகத் தடுக்காது. ஒருமுறை வந்தவருக்கே மறுபடி வரலாம். அதனால்தான் இன்றுவரை ஸ்க்ரப் டைபஸுக்குத் தடுப்பூசி கிடையாது.

12/
மருந்து வந்தது 1948ல். மறுபடி கோலாலம்பூர்.

வெனிசுவேலா மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 'குளோரோமைசெட்டின்' என்ற புதிய மருந்தைப் பிரித்திருந்தார்கள். குளோராம்பெனிகால் என்றால் மூத்த மருத்துவர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் நல்லா தெரியும். ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்கக் குழு ஒன்று அதை எடுத்துக்கொண்டு மலாயா வந்தது.

25 ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கியது.

இதில் ஒரு சுவாரசியம். ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் குணமானார்கள்! டைபாய்டுக்கு உலகில் முதன்முதலாக வேலை செய்த ஆண்டிபயாடிக் இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த ஜோடியை மறக்காதீங்க. ஒரே மருந்து, ரெண்டு நோய். பின்னாடி நடந்த குழப்பத்துக்கு வேர் இங்கதான் இருக்கு.

13/
அடுத்தடுத்து டெட்ராசைக்ளின், 1960களில் டாக்சிசைக்ளின் என்று மருந்துகள் வந்தன. அவையும் ஸ்க்ரப் டைபஸைச் சுலபமாக அடித்தன.

போர் முடிந்தது. பட்டாளங்கள் வீடு திரும்பின. பணக்கார நாடுகளுக்கு இந்த நோயில் இருந்த அக்கறையும் மெல்லப் போய்விட்டது. நம்ம ஊர்ப் பாடப்புத்தகத்திலும் ஸ்க்ரப் டைபஸ் இரண்டு பத்தியாகச் சுருங்கியது. பரீட்சைக்குப் பூச்சியின் பெயரை மனப்பாடம் செய்தால் போதும் என்ற நிலை.

14/
உண்மையில் என்ன நடந்திருக்கும்?

அந்தக் காலத்தில் கிராமத்தில் ஒருவாரக் காய்ச்சல் என்றால் டாக்டர் டைபாய்டு என்று நினைத்துக் குளோராம்பெனிகாலோ டெட்ராசைக்ளினோ எழுதுவார். காய்ச்சல் போய்விடும். "டைபாய்டு வந்து பிழைச்சேன்" என்று அந்த நோயாளி சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸாகவும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை, அவர்தான் பிழைத்துவிட்டாரே!

1972ல் நம்ம பக்கத்துக் கோழிக்கோட்டில் குளோராம்பெனிகாலுக்குக் கட்டுப்படாத டைபாய்டு பரவியது. 1990 வாக்கில் அது நாடெங்கும் பெரிய பிரச்சினை ஆனது. டாக்டர்கள் மருந்தை மாற்றினார்கள். சிப்ரோஃபிளாக்சசின், பிறகு செஃப்ட்ரியாக்சோன் ஊசி. டைபாய்டுக்கு அது சரியான முடிவு.

ஆனால் செஃப்ட்ரியாக்சோனோ அமாக்சிசிலினோ ஸ்க்ரப் டைபஸ் கிருமியை ஒன்றும் செய்யாது. சிப்ரோஃபிளாக்சசினையும் நம்ப முடியாது.

15/
அதாவது, பேர் தெரியாமலேயே ஒரு நோயை அடக்கி வைத்திருந்த மருந்து, வேறொரு நோயின் காரணமாகக் கைவிட்டுப் போனது. அதற்குள் அந்த நோயைக் கண்ணால் பார்த்துப் பழகிய தலைமுறையும் ஓய்வுபெற்றுவிட்டது.

கிருமி மட்டும் மண்ணில் அப்படியே இருந்தது. நாலாவது பதிவில் மனசுல வச்சுக்கச் சொன்னேனே, அது இதுதான்.

ஸ்க்ரப் டைபஸ் திரும்பி வந்ததற்கு இது ஒன்று மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். தரிசு நிலமும் புதரும் பெருகியது, எலி பெருகியது, நல்ல பரிசோதனைகள் வந்ததால் முன்பு தெரியாதது இப்போது தெரிவது, எல்லாமே சேர்ந்துதான். ஆனால் மருத்துவர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் இதுவும் ஒன்று. இதில் நம் எல்லோருக்கும் பாடம் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

16/
2001 - 02 பனிக்காலத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் காரணம் தெரியாத காய்ச்சலோடு நோயாளிகள் வந்தார்கள். டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை. உடம்பைத் தேடிப் பார்த்ததில் கருப்புப் பொருக்கு. தென்னிந்தியாவில் ஸ்க்ரப் டைபஸ் மறுபடி பேசப்பட்டது அப்போதிலிருந்துதான். இமயமலை மாநிலங்களிலும் ஏறக்குறைய அதே காலத்தில் கண்டறிந்தார்கள்.

பிறகு தேடத் தேடப் பல மாநிலங்களிலும் கிடைத்தது. தேடாத இடத்தில்தான் 'இல்லை'.

17/
தேடாததற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதற்கு ஒரு உதாரணம், உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர்.

1978லிருந்து வருஷாவருஷம் மழைக்குப் பிறகு அங்கே குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கண்டுபிடித்து, 2006லிருந்து தடுப்பூசி போட்டார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறைந்தது. ஆனால் மழைக்காலத்தில் குழந்தைகள் இறப்பது நிற்கவில்லை. வேறு வைரஸா, தண்ணீரா, என்னென்னவோ தேடினார்கள்.

2015 வாக்கில், நம்ம சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிலையத்தின் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஆராய்ந்தபோது தெரியவந்தது: அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஸ்க்ரப் டைபஸ் தொற்றுக்கான அடையாளம்.

காய்ச்சல் ஆரம்பித்த முதல் சில நாளில், மூளைக்குப் போகும் முன், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சில ரூபாய் மாத்திரை கொடுத்தால் தடுக்கக்கூடிய நோய் அது. அதன் பிறகு அந்தப் பகுதியில் காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுக்கும் நடைமுறை வந்தது.

18/
உலகமும் இதே பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது.

ஜப்பான், பாகிஸ்தான் பக்கம், வட ஆஸ்திரேலியா, இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் மட்டும்தான் ஸ்க்ரப் டைபஸ் உண்டு என்று புத்தகத்தில் இருந்தது. நாங்களும் அப்படித்தான் படித்தோம்.

2006ல் துபாய் போய்வந்த ஒருவருக்கு வந்த தொற்றில், இதே குடும்பத்தின் புது இனம் கண்டுபிடிக்கப்பட்டது. அதே 2006ல் பூமியின் மறுகோடியில், தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், சீலோவே தீவில் ஒரு நோயாளி. 2016ல் அங்கே மேலும் நோயாளிகள் இருப்பது உறுதியானது. முக்கோணம் உடைந்தது.

அந்தக் கிருமிகள் விமானம் ஏறி நேற்றுப் போனவை என்று சொல்ல முடியாது. எவ்வளவு காலமாக அங்கேயே இருந்தனவோ!

19/
நம்ம கிராமங்களில் நிலைமை எப்படி?

வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீடு வீடாகப் போய்த் தொடர்ந்து கண்காணித்தார்கள். முடிவு 2025ல் வெளியானது. இந்தக் கிராமங்களில் காய்ச்சலுக்கான முக்கியமான காரணங்களில் ஸ்க்ரப் டைபஸும் ஒன்று என்று அது காட்டியது. பலருக்குத் தானாகவே சரியானது. சிலருக்குத் தீவிரமாகி உயிரிழப்பு வரை போனது.

2023ல் இன்னொரு முக்கியமான ஆய்வு. சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடந்தது. தீவிர ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து ஊசி மூலம் கொடுத்தால், தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று நிரூபித்தது. உலகம் முழுக்க இன்று மேற்கோள் காட்டுவது நம்ம ஊர் ஆய்வைத்தான்.

2024 முடிந்து 2025 பிறந்த நேரத்தில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையும் ஸ்க்ரப் டைபஸ் குறித்து எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டது.

20/
இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் ஆட்கள் இறக்கிறார்கள்?

இப்படி ஒருத்தரை நினைச்சுக்குங்க. மார்கழி மாசம். தோப்பு வேலைக்குப் போகிற ஒரு அம்மா. காய்ச்சல். முதல் ரெண்டு நாள் கடையில் மாத்திரை. மூணாவது நாள் ஊசி. அஞ்சாவது நாள் ரத்தம் பார்த்தால் தட்டணு 80 ஆயிரம். "டெங்கு மாதிரி இருக்கு" என்கிறார்கள். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். "சில பேருக்கு நெகட்டிவ் வரும்" என்று குளுக்கோஸ் ஏறுகிறது. ஏழாவது நாள் மூச்சு வாங்குகிறது. எட்டாவது நாள் பெரிய ஆஸ்பத்திரி, வென்டிலேட்டர்.

ஸ்க்ரப் டைபஸிலும் தட்டணு குறையும். டெங்குவுக்குத் தனி மருந்து கிடையாது. ஸ்க்ரப் டைபஸுக்கு உண்டு. டெங்கு என்று நினைத்துக் காத்திருப்பது அதனால்தான் ஆபத்து.

அந்த அம்மாவின் கக்கத்தில் பொருக்கு முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும். ஆம்பிளை டாக்டரிடம் காட்டக் கூச்சம், கூட்டத்தில் கேட்க டாக்டருக்கு நேரம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு உயிர் நிற்கிறது.

21/
உங்களுக்கான பகுதி.

👉 மூணு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் கடை மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்க.

👉 காட்டு வேலை, தோப்பு வேலை, ஆடு மேய்த்தல், புதர்ப் பக்கம் போனது, எதுவாக இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க.

👉 வீட்டில் ஒருவரை வைத்து உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்க. கக்கம், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், காதுக்குப் பின், பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள்ளும். கருப்புப் பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்க. பெண் மருத்துவர், செவிலியர் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

👉 பொருக்கு இல்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. பலருக்கு இருக்காது.

👉 கர்ப்பிணிகளுக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. உடனே பாருங்க. அவர்களுக்கு ஏற்ற மருந்து இருக்கு.

👉 மருந்துப் பெயர் தெரிந்துவிட்டது என்று நீங்களே வாங்கிச் சாப்பிட வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

👉 மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, வலிப்பு, ஒன்றுக்குக் குறைவாகப் போவது இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்க.

22/
வராமல் தடுக்க:

✅ புதர், புல் வேலைக்கு முழுக்கை சட்டை, முழுக்கால் உடை, செருப்பு.
✅ வெறும் புல்தரையில் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். சாக்கோ தார்ப்பாயோ விரித்துக்கொள்ளுங்க.
✅ துணியைச் செடி மேலும் புல் மேலும் காயப்போட வேண்டாம். கொடி கட்டிக் காயப்போடுங்க.
✅ வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, போட்ட துணியைத் துவைத்துவிடுங்க.
✅ வீட்டைச் சுற்றிப் புதர் வளர விடாதீர்கள். எலி அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்க.

ஒரு ஆறுதல்: இது ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையே இல்லை.

23/
சக மருத்துவர்களுக்கு, குறிப்பாக இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை.

ஐ.ஜி.எம். எலைசா முதல் சில நாளில் நெகட்டிவாக வரலாம். வைல் ஃபீலிக்ஸ் கிங்ஸ்பரி காலத்து டெஸ்ட், நெகட்டிவ் என்றால் நம்ப முடியாது. சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட்டுக்காக மருந்தை நிறுத்தி வைக்க வேண்டாம்.

ஸ்கேனும் சி.டி.யும் இல்லாத நம்ம ஓ.பி.யில் ஒரு டார்ச் லைட்டும், ஒரு மறைப்புத் திரையும், கூட ஒரு செவிலியரும் இருந்தால் இந்த நோயைக் கண்டுபிடிக்கலாம். மாத்திரை நம்ம மருந்தகத்திலேயே இலவசமாக இருக்கு.

24/
உலகம் அடுத்த பெருந்தொற்று எந்தக் காட்டிலிருந்து வருமோ என்று பயந்துகொண்டிருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதுதான். கொரோனாவைப் பார்த்தவர்கள் நாம்.

ஆனால் இந்த மார்கழியில் நம்ம ஊரில் ஒருத்தரைக் கொல்லக்கூடிய காய்ச்சலுக்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. 1948லேயே மருந்து வந்துவிட்டது. அதன் பேரை ஞாபகம் வச்சுக்க ஆள்தான் வேணும்.

அதனால ஒரு உதவி. இந்தப் பதிவை முழுசா அனுப்ப முடியாவிட்டாலும் 21, 22 இரண்டையும் மட்டுமாவது உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்க. போன் இல்லாத, தோப்பு வேலைக்குப் போகிற பெரியவங்க வீட்டில் இருந்தால் வாயால் சொல்லுங்க. "உடம்புல கருப்பா பொருக்கு இருக்கான்னு பாரு" என்ற ஒரு வரி போதும்.

சந்தேகங்களைக் கமெண்டில் கேளுங்க. டூட்டி முடிந்து வந்து பதில் சொல்கிறேன்.